மூக்குக் கண்ணாடி மீது ஒரு பொய் வழக்கு

மைசூரு மேட்டகள்ளியில் ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனம் நடத்தும் நோட்டு அச்சகம் 1996 முதல் இயங்கிவருகிறது. அங்கிருந்து வெளிவரும் புதிய வரிசை நோட்டு எதை எடுத்தாலும் அதில் மூக்குக் கண்ணாடி இரண்டு முறை இருக்கும். முன்பக்கத்தில் காந்தியின் முகத்தில் ஒன்று. பின்பக்கத்தில் தூய்மை இந்தியா இயக்கத்தின் சின்னமாக இன்னொன்று. அங்கே முகம்கூட இல்லை, வெறும் கண்ணாடி மட்டும்தான். 2015, 2016 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் நாட்டின் தூய்மையான நகரங்களின் பட்டியலில் மைசூரு முதலிடம் பிடித்தது. ஊர் மார்தட்டிக்கொண்டதும் அந்த வட்டக் கண்ணாடிச் சின்னத்தின் கீழ்தான்.

அதே ஊரில் ஒரு பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கினால் முதலில் கழற்றச் சொல்வது கண்ணாடியைத்தான். போட்டோ எடுக்கும்போது “ஒரு நிமிஷம் அதைக் கழட்டி வையம்மா” என்பார்கள். மைசூரில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பமோ, பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பமோ, மொழி மாறினாலும் வசனம் மாறுவதில்லை. பள்ளிக்கூடத்துப் பையன்கள் வாயில் இருக்கும் கேலியும் அப்படித்தான்: இரண்டு மொழியிலும் அது சோடாபுட்டிதான்.

இந்தப் பேச்சுக்குப் பின்னால் இருக்கும் கருத்து மூன்று கிளைகள் கொண்டது. கண்ணாடி போட்டால் முகக்களை போய்விடும் என்பது முதல் கிளை. போட்ட பிள்ளைக்குத் தாழ்வு மனப்பான்மை வந்துவிடும், தன்னம்பிக்கை குறையும் என்பது இரண்டாவது. ஒரு தடவை போட்டுவிட்டால் கண் அதற்கு அடிமையாகி பவர் ஏறிக்கொண்டே போகும் என்பது மூன்றாவது. மூன்றையும் படித்தவர்களும் சொல்கிறார்கள், பாட்டிகளும் சொல்கிறார்கள், தேவராஜ அர்ஸ் சாலையில் பிள்ளைக்குப் பிரேம் வாங்க வந்த பெற்றோரும் கடைக்காரரிடம் சொல்கிறார்கள். மூன்றும் தவறு.

பழமை பேசுபவர்களுக்குப் பழமையிலிருந்தே பதில் தொடங்கலாம். “எங்கள் காலத்தில் யார் கண்ணாடி போட்டார்கள், எல்லாம் இந்த செல்போன் வந்த பிறகு வந்த வினை” என்று அலுத்துக்கொள்வோர் மைசூரு மாவட்டத்திலேயே இருக்கும் பன்னூரை நினைத்துப் பார்க்க வேண்டும். விஜயநகர அரசவையில் பெரும் மதிப்புடன் இருந்த மத்வ மத அறிஞர் வியாசராயர் பிறந்த ஊர் அது. புரந்தரதாசரும் கனகதாசரும் அவரைக் குருவாகக் கொண்டவர்கள். சோமநாதர் என்ற கவி எழுதிய ‘வியாசயோகி சரித’த்தில், சுமார் 1520-ஆம் ஆண்டளவில் அரசவையில் ஒரு சுவடியை வாசிக்க வியாசராயர் கண்ணாடியைப் பயன்படுத்திய குறிப்பு இருப்பதைப் புணேயின் வரலாற்று ஆய்வாளர் பி.கே. கோடே எடுத்துக்காட்டினார். இந்தியாவில் கண்ணாடி பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளில் அது ஒன்று. இத்தாலியில் கண்ணாடி உருவானது 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில். போர்த்துகீசியக் கப்பல் கோழிக்கோட்டுக்கு வந்தது 1498-இல். அடுத்த சில பத்தாண்டுகளுக்குள் ஒரு துறவி கூச்சமின்றி அரசவையில் அதை அணிந்திருக்கிறார். அவருடைய மதிப்பு எள்ளளவும் குறையவில்லை. குறைந்திருந்தால் காவியம் பாட வந்த கவி அந்தக் காட்சியைச் சொல்லாமல் விட்டிருப்பார்.

அண்மைக் காலத்துக்கு வந்தால் சான்று இன்னும் கெட்டியாகிறது. 1921-இல் மைசூரில் பிறந்த கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லட்சுமணின் கறுத்த, தடித்த பிரேம் நாடறிந்தது. யாதவகிரியில் வீடு கட்டி வாழ்ந்த அவருடைய அண்ணன், எழுத்தாளர் ஆர்.கே. நாராயணனின் படங்களிலும் கண்ணாடி உண்டு. லட்சுமண் 1951-இல் ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’வில் கொண்டுவந்த ‘சாமானிய மனிதன்’ என்ற கார்ட்டூன் பாத்திரம் வேட்டி, கட்டம் போட்ட கோட்டு, காதோரத்து நரைமுடி ஆகியவற்றோடு ஒரு வட்டக் கண்ணாடியும் அணிந்திருந்தது. அரை நூற்றாண்டு அந்த மனிதன் வாயே திறக்கவில்லை. அமைச்சர்கள் பேசுவதையும் அதிகாரிகள் செய்வதையும் ஓரமாக நின்று பார்ப்பது மட்டுமே அவனுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அந்த வேலைக்காரனுக்குக் கார்ட்டூனிஸ்ட் கண்ணாடி கொடுத்தார். நாடு அவனைத் தன் முகமாக ஏற்றுக்கொண்டது. 1988-இல் தபால்தலையிலும், 2001-இல் புணேயில் சிலையாகவும் அவன் நின்றான்.

அம்பேத்கர் சிலைகளைப் பாருங்கள். கர்நாடகத்துக் கிராமத்திலும் தமிழ்நாட்டுக் கிராமத்திலும் நீலக் கோட்டும் கையில் புத்தகமும் எப்படித் தவறாமல் இருக்கின்றனவோ, அப்படியே கண்ணாடியும் இருக்கிறது. விபத்தில் கண் பாதிக்கப்பட்ட பிறகு கலைஞர் கருணாநிதி அணிந்த கறுப்புக் கண்ணாடி, அவர் முகத்தை வரையாமலேயே அவரைக் காட்டும் அளவுக்கு அடையாளமாயிற்று. மைசூரு மாவட்டம் சித்தராமனஹுண்டியில் பிறந்து கர்நாடகத்தின் முதலமைச்சரான சித்தராமையாவைப் பார்த்து, கண்ணாடியால் முகக்களை போய்விட்டது என்று எதிர்க்கட்சிகூடச் சொன்னதில்லை.

இங்கே ஒரு நியாயமான குறுக்குக் கேள்வி வரும். இவர்கள் எல்லோரும் ஆண்கள். பெரும்பாலும் நடுவயதைத் தாண்டியவர்கள். புகழ் ஏறியபின் எதுவும் அழகுதான். பத்து வயதுச் சிறுமிக்கும் இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கும் இந்தப் பட்டியல் என்ன ஆறுதல் தரும்?

கேள்வி சரியானது. ஆனால் அது பழைய கருத்தைக் காப்பாற்றவில்லை, காட்டிக்கொடுக்கிறது. அதே வளைந்த கண்ணாடித் துண்டு ஆணின் மூக்கில் அறிவாகவும் பெண்ணின் மூக்கில் குறையாகவும் தெரிகிறது என்றால், குறை கண்ணாடியில் இல்லை. பார்ப்பவர் எதைப் பார்க்கப் பழக்கப்பட்டிருக்கிறார் என்பதில் இருக்கிறது. பழக்கியதில் சினிமாவுக்கும் தொலைக்காட்சிக்கும் பெரும் பங்கு உண்டு. 1999-இல் கொலம்பியாவில் வந்த ‘பெட்டி’ தொடரைத் தழுவி 2003-இல் இந்தியில் ‘ஜஸ்ஸி ஜைஸி கோயி நஹி’ வந்தது. அழகில்லாத பெண் என்பதை நேயர்களுக்கு உணர்த்த இரண்டு பொருள்களே போதுமாக இருந்தன: பல்லில் கம்பி, கண்ணில் கண்ணாடி. இரண்டையும் கழற்றியதும் கதாநாயகி அழகியாகிவிட்டாள். அதே ஆண்டில் வந்த ‘கல் ஹோ நா ஹோ’வின் நாயகியும் கண்ணாடியைக் கழற்றித்தான் மலர வேண்டியிருந்தது. தமிழ்ப் படங்களிலும் கண்ணாடி போட்ட பெண்ணுக்கு நாயகியின் தோழி வேடமோ சிரிப்பு வேடமோதான் வழக்கமாகக் கிடைத்துவந்தது. கழற்றிய பின் அந்தப் பெண்களால் எதிரில் வரும் பேருந்தின் எண்ணைப் படிக்க முடிந்ததா என்று எந்த இயக்குநரும் காட்டவில்லை.

இது இந்தியாவின் தனிச் சொத்தும் அல்ல. 2018 ஏப்ரலில் தென்கொரியாவின் எம்பிசி தொலைக்காட்சியில் இம் ஹியோன்ஜு என்ற செய்தி வாசிப்பாளர் கண்ணாடி அணிந்து காலைச் செய்தி வாசித்தார். ஆண் வாசிப்பாளர்கள் அந்த நாட்டில் எவ்வளவோ காலமாகக் கண்ணாடியோடு வாசித்து வந்தவர்கள். ஒரு பெண் செய்ததும் அது உலகச் செய்தியாயிற்று. 2019 நவம்பரில் ஜப்பானில் சில நிறுவனங்கள் பெண் ஊழியர்களுக்கு மட்டும் கண்ணாடியைத் தடை செய்திருப்பது வெளியே வந்தது. வாடிக்கையாளருக்கு அது ‘குளிர்ந்த’ தோற்றம் தருகிறது என்று சாக்குச் சொன்னார்கள். பக்கத்து மேசையில் இருந்த ஆணின் கண்ணாடி மட்டும் யாரையும் குளிரச் செய்யவில்லை போலும். இத்தகைய பார்வைகளுக்கு நடுவிலும் டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங் கண்ணாடி அணிந்தே விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை ஆறு முறை வென்றார். மகாசுவேதா தேவியின் கண்ணாடி அவருடைய எழுத்தின் கூர்மையை மழுக்கவில்லை.

அடுத்தது தாழ்வு மனப்பான்மை. இதில் ஊர்ப்பேச்சை விட்டுவிட்டு, குழந்தைகளையே கேட்டவர்கள் கண்டதைப் பார்ப்பது நல்லது. அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 6 முதல் 10 வயதுவரை உள்ள 80 குழந்தைகளிடம் கண்ணாடி போட்ட, போடாத பிள்ளைகளின் படங்களை இணை இணையாகக் காட்டினார்கள். 2008-இல் வெளியான முடிவின்படி, யாரோடு விளையாடப் பிடிக்கும், யார் அழகு என்ற கேள்விகளுக்குக் கண்ணாடி எந்த மாற்றத்தையும் ஏற்படுத்தவில்லை. அழகைக் கெடுக்கும் பொருள் என்று பெரியவர்கள் நினைப்பதைச் சிறுவர்கள் கண்டுகொள்ளவே இல்லை.

அதே பல்கலைக்கழகம் முன்நின்று நடத்திய இன்னொரு பெரிய ஆய்வின் முடிவு 2009-இல் வந்தது. 8 முதல் 11 வயதுள்ள 484 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதிக்குக் கண்ணாடியும் மறு பகுதிக்குக் கான்டாக்ட் லென்ஸும் கொடுத்து மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். கண்ணாடிதான் தன்மதிப்பைத் தின்கிறது என்றால் லென்ஸ் பிள்ளைகளின் தன்மதிப்பு விறுவிறுவென்று ஏறியிருக்க வேண்டும். ஒட்டுமொத்தத் தன்மதிப்பில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. தன் தோற்றம், விளையாட்டு, நண்பர்கள் நடுவே கிடைக்கும் ஏற்பு ஆகிய மூன்றைப் பற்றிய எண்ணம் மட்டும் லென்ஸ் போட்டவர்களிடம் கொஞ்சம் கூடியிருந்தது. எதிர்த்தரப்புக்குச் சாதகமான இந்தத் தகவலை மறைக்கத் தேவையில்லை. பிள்ளைகள் தங்கள் தோற்றத்தைப் பற்றி நினைப்பதில் கண்ணாடிக்கு ஒரு சிறு இடம் உண்டு. ஆனால் ‘நான் எப்படிப்பட்ட ஆள்’ என்ற பெரிய மதிப்பீட்டை அது தொடவில்லை.

கேலியும் உண்மைதான். இங்கிலாந்தில் பிரிஸ்டல் பகுதிக் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு, கண்ணாடி அணிந்த எட்டரை வயதுப் பிள்ளைகள் சக மாணவர்களின் சீண்டலுக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 35 சதவீதம் கூடுதல் என்று 2005-இல் சொன்னது. இதை வைத்து ‘பார்த்தீர்களா, கண்ணாடி வேண்டாம்’ என்பது விசித்திரமான தர்க்கம். சீண்டுபவனை விட்டுவிட்டுச் சீண்டப்பட்டவளின் பார்வையைப் பறிப்பதுதான் அதன் பொருள். நிறத்தைச் சொல்லிக் கேலி செய்தால் பிள்ளையின் தோலை உரிக்கிறோமா? கேலி செய்யும் வகுப்பைத் திருத்துவது ஆசிரியரின் வேலை. அதற்கு முன் வீட்டில் “ஐயோ, இந்த வயசிலேயே கண்ணாடியா!” என்று தலையில் கைவைப்பதை நிறுத்துவது பெற்றோரின் வேலை. பல பிள்ளைகள் முதல் கேலியைக் கேட்பது வகுப்பறையில் அல்ல, வீட்டுக் கூடத்தில்.

கண்ணாடியை இகழ்பவர்களுக்கு நேர் எதிரே நின்று புகழ்பவர்களும் இதே தவறைத்தான் செய்கிறார்கள். ‘கண்ணாடி போட்டால் புத்திசாலி மாதிரி இருக்கும்’ என்ற சமாதானத்தைச் சொல்லி அழுகிற பிள்ளையைத் தேற்றுவது வழக்கம். பார்த்தவுடன் அப்படித் தோன்றுவது உண்மை என்று 1940-களிலேயே அமெரிக்க உளவியலாளர் தார்ன்டன் காட்டியிருந்தார். 1971-இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஆர்கைலும் மெக்ஹென்றியும் ஒரு படி மேலே போனார்கள். சில விநாடிகள் மட்டும் பார்த்தவர்கள் கண்ணாடி போட்டவருக்கு அறிவு அதிகம் என்றார்கள். அதே ஆள் 5 நிமிடம் பேசுவதைக் கேட்ட பிறகு அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. பழிக்கும் புகழுக்கும் ஆயுள் அவ்வளவுதான். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசியதும் எதிரில் இருப்பவர் மனுஷியைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார், பிரேமை மறந்துவிடுகிறார்.

ஆடுகளத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும். 1988 ஜனவரியில் சென்னை சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகத் தன் முதல் டெஸ்டை ஆடிய நரேந்திர ஹிர்வானி கண்ணாடிக்காரர். விவியன் ரிச்சர்ட்ஸ் தலைமையிலான அணி அந்தக் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்திருக்கலாம். ஆட்டம் முடிந்தபோது ஹிர்வானி 16 விக்கெட் எடுத்திருந்தார். இரண்டு ஆண்டு கழித்து மான்செஸ்டரில் தன் முதல் டெஸ்டை ஆடிய பெங்களூரு இளைஞர் அனில் கும்ப்ளேவின் முகத்திலும் பெரிய கண்ணாடி இருந்தது. பின்னாளில் அவர் லென்ஸுக்கு மாறினார். பிள்ளைகளும் வளர்ந்தபின் மாறலாம். வசதிக்காக மாறுவது வேறு, வெட்கத்துக்காக மாறுவது வேறு.

மூன்றாவது கிளை, பவர் ஏறும் என்ற பயம். கிட்டப்பார்வை பெரும்பாலும் கண்விழி முன்பின்னாக நீண்டுவிடுவதால் வருகிறது. வளரும் வயதில் விழி நீளும், பவரும் ஏறும். கண்ணாடி போட்டதால் ஏறியது போலத் தோன்றுவதற்குக் காரணம், இரண்டும் ஒரே வயதில் நடப்பதுதான். மலேசியாவில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 94 பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு முழுப் பவரும், மற்றவர்களுக்கு வேண்டுமென்றே குறைத்த பவரும் கொடுத்து இரண்டு ஆண்டுகள் பார்த்தார்கள். 2002-இல் வந்த முடிவு: குறைவான பவர் போட்டவர்களுக்குத்தான் கிட்டப்பார்வை கூடுதலாக ஏறியிருந்தது. ‘கண்ணை அடிமையாக்க வேண்டாம்’ என்று கண்ணாடியை மேசை இழுப்பறையில் பூட்டிவைக்கும் தந்தை, தான் தடுக்க நினைத்ததற்கே வழிவிடுகிறார்.

மைசூரு யோகத்துக்குப் பேர்போன ஊர். கிருஷ்ணமாச்சாரியார் ஜகன்மோகன் அரண்மனையில் கற்றுக்கொடுத்ததும், பட்டாபி ஜோயிஸிடம் பயில உலகமே லட்சுமிபுரத்துக்கு வந்ததும் இந்த ஊரின் பெருமைகள். அந்தப் பெருமையின் நிழலில் ‘கண்ணுக்குப் பயிற்சி செய்தால் கண்ணாடியைத் தூக்கி எறியலாம்’ என்ற பேச்சும் செழிக்கிறது. அந்தச் சரக்கு யோகத்தின் மூலநூல்களிலிருந்து வந்ததல்ல. 1920-இல் வில்லியம் பேட்ஸ் என்ற நியூயார்க் மருத்துவர் எழுதிய புத்தகத்தின் வழியாகத்தான் அது உலகெங்கும் பரவியது. நீண்டுவிட்ட விழியை எந்தப் பயிற்சியும் சுருக்குவதில்லை. பிள்ளைகளுக்கு உண்மையில் உதவுவது வெயில் வெளிச்சம். சீனாவின் குவாங்சோவில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டதில், மூன்று ஆண்டுகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தோர் விகிதம் 30.4 சதவீதமாக இருந்தது; அப்படி விடாத பள்ளிகளில் அது 39.5 சதவீதம். மாலை டியூஷனைக் குறைத்துப் பிள்ளையை மைதானத்துக்கு அனுப்புவதற்கு எந்தப் பெற்றோரும் இந்த அக்கறையைக் காட்டுவதில்லை.

இந்தத் தவறான கருத்துகள் வெறும் பேச்சோடு நின்றால் விட்டுவிடலாம். அவற்றுக்கு விலை இருக்கிறது. புணே அருகே ஒரு கிராமப்புற வட்டாரத்தில் இலவசமாகக் கண்ணாடி பெற்ற 1,018 பள்ளிப் பிள்ளைகளைப் பின்னர் போய்ப் பார்த்தபோது, அதை அணிந்திருந்தவர்கள் பத்தில் மூன்று பேர்தான். உடைந்தது, மறந்தது என்ற காரணங்களோடு கேலியும் இருந்தது. சீனாவின் கிராமப் பள்ளிகளில் 3,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வோ, இலவசக் கண்ணாடி கிடைத்தவர்களின் கணக்கு மதிப்பெண் கூடியதை 2014-இல் காட்டியது. கரும்பலகை தெரியாத பிள்ளையை மந்தம் என்கிறார்கள். அவளும் தன்னை மந்தம் என்று நம்பிவிடுகிறாள். தாழ்வு மனப்பான்மை உண்மையாகவே உருவாகும் இடம் இது. அதைக் கண்ணாடியின் கணக்கில் எழுதுவதுதான் அநியாயம்.

பெரியவர்கள் இழப்பதும் குறைவில்லை. நாற்பதைத் தாண்டினால் கிட்டத்தில் இருப்பது மங்கும். அது யாரையும் விடாத வயதின் வேலை. அசாமில் தேயிலை பறிக்கும் 40 வயதுக்கு மேற்பட்ட 751 தொழிலாளர்களில் ஒரு பகுதியினருக்குச் சாதாரண வாசிப்புக் கண்ணாடி கொடுத்ததும், கண்ணாடி பெறாதவர்களைவிட அவர்களுடைய உற்பத்தி 21.7 சதவீதம் கூடியதை 2018-இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ வெளியிட்டது. மைசூரின் பட்டுத்தறி, ஊதுபத்தி உருட்டல், ஈட்டி மரத்தில் பதிப்பு வேலை எல்லாமே கண்ணை நம்பிய தொழில்கள். ஊசியில் நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிடும் பெண்ணுக்குத் தேவை அனுதாபம் அல்ல, சில நூறு ரூபாய்க் கண்ணாடி. ‘வயசாயிடுச்சுன்னு சொல்வாங்க’ என்ற கூச்சம் அவருடைய நாள்கூலியைத் தின்கிறது.

லேசர் சிகிச்சையையோ கான்டாக்ட் லென்ஸையோ இங்கே யாரும் எதிர்க்கவில்லை. பதினெட்டு வயது கடந்து, பவர் நிலைத்து, மருத்துவர் சரி என்று சொன்னால் அது அவரவர் விருப்பம். ஆனால் ‘கல்யாணத்துக்கு முன்னால் முடித்துவிடுங்கள்’ என்று கெடு வைத்து ஒரு பெண்ணை அறுவைசிகிச்சை மேசைக்கு அனுப்புவது மருத்துவம் ஆகாது. கண்ணாடி இல்லாத படத்தைப் பார்த்துத்தான் சம்மதிப்பேன் என்கிற வரனை வேண்டாம் என்று சொல்லும் உரிமை பெண் வீட்டாருக்கும் உண்டு.

ஜூனில் வகுப்புகள் சூடுபிடிக்கும் முன்பே உங்கள் பிள்ளையின் கண்ணைப் பரிசோதித்துவிடுங்கள். கண்ணாடி வேண்டுமென்றால் முழுப் பவருக்கே வாங்குங்கள். பிரேமை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள், அவளே தேர்ந்தெடுக்கட்டும். அவள் சிவப்பை எடுத்தால் சிவப்பு. வீட்டுக்கு வந்த உறவினர் “அடடா, கண்ணாடியா?” என்று இழுத்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். போட்டோ எடுக்கும்போது மட்டும் அதைக் கழற்றச் சொல்லாதீர்கள்.